பெஞ்சில் உட்காரவைத்த பிள்ளை

மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள தங்கைக்கு,

நீ என்னோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. போன் செய்தால் எடுக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி, அது போதும்.

இன்று மறைக்கல்வி வகுப்பில் 'நாம் ஒரே குடும்பம்' பாடம். வருஷா வருஷம் அதை நான் எப்படி நடத்துவேன் என்று உனக்குத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைகளிடம் போய்த் திருச்சபை, உறுப்பினர் என்றெல்லாம் பேசினால் கொட்டாவி விடுவார்கள். அதனால் சோப்புப் போட்டுக் கைகழுவி வரச் சொல்லி, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போய், ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர் எழுதிய திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து, அவரவர் பெயர் இருக்கும் வரியில் அவரவர் விரலை வைக்கச் சொல்வேன். "இதோ நீ. இது உன் வீடு. இந்த வரிய யாராலும் அழிக்க முடியாது." அதுதான் பாடம். பிள்ளைகள் அதை மறப்பதே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகள்கூட வழியில் நிறுத்தி, "டீச்சர், நான் நூத்தி நாலாம் பக்கம்" என்று சொல்வார்கள்.

இந்த வருஷம் பதினொரு பேர். கை கழுவிவிட்டு வரிசையில் நின்றார்கள். எனக்குப் பதிவேட்டைத் திறக்க முடியவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லி, படம் வரைய அனுப்பிவிட்டேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. ஒரு வாலு அதைச் சொல்லியும் காட்டினாள்.

போன வருஷம் அந்த வரிசையில் உன் மகள், நம் கடுகு நின்றாள். நான் என்ன செய்திருக்க முடியும், சொல். திருமுழுக்குப் பெறாத பிள்ளையின் பெயரை எங்கிருந்து கொண்டுவருவேன்? உனக்கும் அவளுக்கும் மனசு கஷ்டப்பட்டிருந்தால் என்னை மன்னித்துக்கொள். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


மார்ச் 21

அக்கா,

கிழிக்கவில்லை. இரண்டு தரம் படித்தேன். "மனசு கஷ்டப்பட்டிருந்தால்" என்கிறாயே, உனக்கு இன்னும் அதில் சந்தேகம் இருக்கிறதா?

நீ பார்க்காததை நான் சொல்கிறேன், கேள். அன்று காலை மஞ்சள் கவுன்தான் வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு போனாள். கையை இரண்டு தரம் கழுவினாளாம். அவளுக்கு முன்னால் எட்டுப் பேர். அவள் முறை வந்ததும் விரலை நீட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நீ, "உனக்கு இதுல இல்லம்மா. அந்த பெஞ்சுல போய் உக்காரு" என்று சொன்னாய். அவளுக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் விரல் வைத்து முடிக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, பெரியம்மாவோட புக்குல நான் இல்ல. வேற எந்த புக்குல இருக்கேன்?"

அன்று நேரே கோயிலுக்கு வந்து, வாசலில் உன்னை நாலு பேர் பார்க்கக் கத்தினேன். கத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை.

அவருக்கு வேலை மாற்றல் வந்து இந்த ஊருக்கு வந்தோம். புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள், வருகைப் பதிவேட்டைக் காட்டினால்தான் உட்காருவேன் என்று நின்றாளாம். அந்த டீச்சர் நல்ல மனுஷி, காட்டினார். நூலகத்தில் அட்டை கொடுத்தால் போதாது, அவர்கள் நோட்டிலும் பெயர் ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாள். நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு வந்தால் ஆர்டர் நோட்டை எடுத்துப் புரட்டுகிறாள். பார்க்கச் சகிக்காமல் முதலாளியே ஒருநாள் அவள் பெயரில் ஒரு ஆர்டர் எழுதினார்: 'பார்வை நன்றாக உள்ளது. கண்ணாடி தேவையில்லை.' அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். நான் உள்ளே போய் லென்ஸைத் தேய்க்கிற சாக்கில் அழுதேன்.

கல்யாணத்தின்போது அவர் சொன்னது உனக்கும் தெரியும். "எனக்கு உங்க சாமி மேல கோபமில்ல. ஆனா குழந்தை தலையில நாம எதையும் கட்ட வேணாம். வளந்து அவளே கேட்டா, சரி." நீயும் சரி என்றாய். அப்படிச் சொன்ன மனுஷன்தான் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அவளைக் கொண்டுவந்து உன் வகுப்பில் விட்டார். "பெரியம்மாகிட்டதான போறா" என்றார்.

இனிமேல் எழுதுவதானால் சட்டம் பேசாதே.


ஏப்ரல் 1

அன்புள்ள தங்கைக்கு,

சட்டம் பேசமாட்டேன்.

நீ எழுதியதைப் படித்தபிறகு இரண்டு நாள் வார்டில் எனக்குக் கை ஓடவில்லை. மருந்து அளக்கும்போது ஒன்றுக்கு மூன்று தரம் சரிபார்த்தேன். கூட வேலை செய்யும் நர்ஸ், "என்னக்கா, புதுசா வேலைக்குச் சேர்ந்த மாதிரி பண்றீங்க" என்று கேலி செய்தாள்.

பதிவேட்டைத் திறக்காமலே அன்று வேறு பாடம் நடத்தியிருக்கலாம். அவளைப் பதிவேட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ செய்திருக்கலாம். வாய் திறந்தபோது அந்த பெஞ்சுதான் வந்தது.

உனக்கு நினைவிருக்கும், அவள் ஏழாம் மாதத்தில் பிறந்து ஒரு கிலோகூட இல்லாமல் என் வார்டுக்கே வந்தாள். 'கடுகு' என்று பெயர் வைத்ததே எங்கள் வார்டுதான். ஐம்பத்து மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். என் டூட்டி முடிந்தும் நான் வீட்டுக்குப் போகாமல் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட பிள்ளையை நான் ஒதுக்கி உட்காரவைத்தேன் என்று நினைத்தால் எனக்கே நம்பமுடியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். பேனாவை எடுத்து வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன். இன்றைக்கு முடியவில்லை.

உன் அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

ஒரு செய்தி. இரண்டு வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன்.

கடுகு அவளாகவே கேட்டுவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, நான் கோயில்ல சேரணும். எனக்கும் தண்ணி ஊத்தச் சொல்லு" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கே கோயிலுக்குக் கூட்டிப்போனதே நாலைந்து தரம்தான். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "எதுக்குடா?" என்றார். "அங்க பேர் எழுதினா அழிக்க முடியாதாம்" என்றாள். உன் பாடம்தான் அது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதையும் மறக்கவில்லை.

அவர் என்னிடம், "அவளே கேட்டா சரின்னு சொன்னேன்ல. அவளே கேட்டுட்டா" என்று சொல்லிவிட்டு, மறுநாளே பட்டறையில் லீவு போட்டுவிட்டு அவரே ஃபாதரைப் பார்க்கப் போனார். பஸ் ரிப்பேர் பார்க்கிற கையோடு, நகத்தில் கிரீஸோடு. ஃபாதர் டீ கொடுத்தாராம். மே 25, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்.

ஞானத்தாயாக அவள் பக்கத்தில் யார் நிற்பது என்று ஃபாதர் கேட்டாராம். நான் பக்கத்து வீட்டு டீச்சரை மனதில் வைத்திருந்தேன். கடுகு, "பெரியம்மா" என்றாள். "ஏன்டி, அவங்கதான உன்ன பெஞ்சுல உக்கார வச்சாங்க" என்றேன். "அதான் அவங்க வரணும்" என்றாள்.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் கேட்கிறாள். வருவாயா?


ஏப்ரல் 24

என் தங்கைக்கு,

வருகிறேன்.

கடிதம் வந்தபோது உடுப்பு மாற்றும் அறையில் இருந்தேன். நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளையிடம் சொல், பெரியம்மா வருகிறாள் என்று.

உன் அக்கா


மே 2

அக்கா,

இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

23ஆம் தேதியே வந்துவிடு. ஸ்டேஷனுக்கு அவர் வருவார். "உன் அக்காவுக்கு முழங்கால் வலி, கீழ் பெர்த் கிடைக்குதான்னு பாரு" என்று என்னை அரித்து எடுக்கிறார். உனக்கு இங்கே ஒரு அறையும் ஒழித்தாகிவிட்டது. அதாவது அவருடைய ஸ்பானர் பெட்டிகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறோம். கால் இடறினால் என்னைக் கேட்காதே.

கடுகுக்கு வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்துவிட்டேன். தையல்காரரிடம் போய், "அண்ணா, உங்க அளவு நோட்டுல என் பேர் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். பழக்கம் போகவில்லை. ஆனால் இப்போது சிரித்துக்கொண்டே கேட்கிறாள்.

நீ அந்தச் சாம்பல் புடவையைக் கட்டிக்கொண்டு வராதே. அதைக் கட்டினால் நீ வார்டைச் சுற்றிப் பார்க்க வந்த மாதிரி இருக்கும். போன முறை நான் எழுதியதில் முள் இருந்திருந்தால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன்னைப் பார்க்காமல் எனக்கும் நன்றாக இல்லை.

உன் தங்கை


மே 9

என் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையும் கூட இருக்கும்போது படி. நின்றுகொண்டு படிக்காதே.

கடுகு பிறந்த மூன்றாம் நாள், மத்தியானம் மூன்று மணி. உனக்கு ஆபரேஷன் ஆகி இன்னொரு கட்டிடத்தில் மயக்கத்தில் இருந்தாய். அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அப்பாவ உள்ள வரச் சொல்லிடுங்க சிஸ்டர்" என்றார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். எத்தனையோ அப்பாக்களை நான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை கதவுக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் திரையை இழுத்துவிட்டேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் சுத்தமான தண்ணீர் எடுத்தேன். சில்லென்று பட்டால் அவள் இதயத் துடிப்பு இறங்கிவிடும் என்று உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினேன். நெற்றியில் மூன்று சொட்டு விட்டு, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே அவளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்தால் செல்லும். பெயர் வைத்திருக்கவில்லை, அதனால் கடுகு என்றே கூப்பிட்டேன். அதன்பிறகுதான் அவரை உள்ளே விட்டேன்.

சாயங்காலத்துக்குள் அழுத்தம் ஏறியது. பிழைத்துவிட்டாள்.

அவள் போயிருந்தால் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பேன். உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் செய்தேன். பிழைத்தாள், அதனால் சொல்ல முடியாமல் போயிற்று. 'அவளே கேட்கட்டும்' என்று அவர் சொன்னதற்குச் சரி என்று தலையாட்டியவள் நான். இப்போது எந்த முகத்தோடு சொல்வேன்? அடுத்த வாரம் சொல்லலாம், பெயர் வைத்ததும் சொல்லலாம், பள்ளிக்கூடம் சேர்ந்ததும் சொல்லலாம் என்று ஆறு வருஷம் ஓட்டினேன்.

அப்படிக் கொடுத்தால் பங்குக் குருவிடம் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். இதை நானே பெரியவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். சொன்னால் பெற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று பயந்து நான் சொல்லவில்லை. அவள் பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லாததற்கு வேறு யாரும் காரணமில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவள் விரலை நீட்டிக்கொண்டு வந்தாள். அந்த அறையில் நின்ற மற்ற எந்தப் பிள்ளைக்கும் நான் என் கையால் திருமுழுக்குக் கொடுத்ததில்லை. அவள் ஒருத்திக்குத்தான் கொடுத்திருந்தேன். எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பக்கத்தில் நின்றார், ஃபாதர் வாசலில் நின்றார். "இவளும் எங்க பிள்ளைதான், எழுதாம விட்டது என் தப்பு" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன் பிள்ளையை பெஞ்சில் உட்காரவைத்தேன். நீ இங்கே இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நீ கத்தியபோதாவது சொல்லியிருக்க வேண்டும்.

உன் அழைப்பு வந்தபோதும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் 'வருகிறேன்' என்று எழுதினேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. கடுகைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம், நீயும் பழையபடி ஆகிவிடுவாய். நீ கீழ் பெர்த் பற்றி எழுதியதைப் படித்தபிறகு முடியவில்லை. திருமுழுக்கு ஒருவருக்கு ஒருமுறைதான். இரண்டாம் தரம் தண்ணீர் ஊற்றும்போது, தெரிந்தே நான் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. 25ஆம் தேதிக்கு முன்னால் உங்கள் ஃபாதரிடம் சொல்லிவிடுங்கள்.

என்னை என்ன செய்யவேண்டுமோ செய்.

அக்கா


மே 17

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன். அவரும் இருந்தார்.

ஃபாதரிடம் சொன்னோம். தண்ணீர் பட்டதா, என்ன வார்த்தை சொன்னாய், என்ன நினைத்துச் செய்தாய் என்று கேட்டார். நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டுமாம். 25ஆம் தேதி தண்ணீர் கிடையாது. எண்ணெய் பூசி, வெள்ளை உடுப்புப் போட்டு, மெழுகுவர்த்தி கொடுத்து, பெயரை எழுதிக்கொள்வார்கள். தேதி மட்டும் ஏழரை வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவர் கத்துவார் என்று பயந்துதானே இத்தனை வருஷம் மூடி வைத்தாய்? அவர் கத்தவில்லை. "அன்னைக்கு நான் கதவுக்கு வெளியதான நின்னேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். அந்த நேரத்துல யாரு எந்தச் சாமிய கூப்பிட்டாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். எழுந்து போய், ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

நீ தண்ணீர் விட்டதில் எனக்குக் கோபம் இல்லை, அக்கா. என் பிள்ளை போய்க்கொண்டிருந்தபோது நான் மயக்கத்தில் கிடந்தேன். நீயாவது பக்கத்தில் இருந்தாய். அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துச் சூடாக்கினேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நான் அழுதேன். அந்தக் கைதானே பெஞ்சைக் காட்டியது? அதை எனக்கு விழுங்க முடியவில்லை.

கடுகிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், தண்ணீர் ஏன் இல்லை என்று கேட்பாளே. சொன்னேன்.

"அப்போ அன்னைக்கே நான் உள்ளதான் இருந்தேனா?"

"ஆமா."

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"மறந்துட்டாங்கடி" என்று சொல்லிவிட்டேன். "பாவம் பெரியம்மா, வயசாகுதுல்ல" என்றாள். நோட்டில் உனக்கு ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறாள்.

உன்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது. நீ இந்த முறை வர வேண்டாம். பக்கத்து வீட்டு டீச்சர் நிற்பார். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.


மே 20

என் தங்கைக்கு,

ஃபாதர் கேட்டபடி எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நாள், நேரம், வார்டு எல்லாம் இருக்கிறது. இங்கே இருக்கும் ஃபாதரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். வகுப்பை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஃபாதர் போகச் சொல்லவில்லை, நானாகத்தான்.

மாப்பிள்ளை சொன்னதை எழுதியிருந்தாய். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆறு எட்டு வைக்கிற தூரம்தான் இருக்கும். ஏழரை வருஷமாகத் தினமும் அந்த வழியாகத்தான் போய்வருகிறேன். இப்போது அங்கே வந்தால் கால் நின்றுவிடுகிறது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக மட்டும் சொல். பதில் சொல்ல வேண்டியதில்லை.

நான் வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னதை மாற்றிச் சொல். லீவு கிடைக்கவில்லை என்றும் சொல்லாதே. மறந்துவிட்டேன் என்றால் அவள் என்னை மன்னித்துவிடுவாள், இப்போதே மன்னித்துவிட்டுப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். ஆனால் என்றைக்காவது ஒருநாள், தன்னை மறக்கும்படி தன்னிடம் என்ன குறை இருந்தது என்று யோசிப்பாள். அது வேண்டாம். பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும் என்று சொல். தெரிந்தும், திட்டு வாங்கப் பயந்துகொண்டு சும்மா இருந்துவிட்டாள் என்று சொல். பயந்து பொய் சொல்வது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

அதைக் கேட்டபிறகும் அவள் என்னைக் கேட்டால், எழுது. கேட்காவிட்டால் எழுத வேண்டாம்.

அக்கா